கையில் இருந்த டைம் அவுட்

2024 நவம்பர் 28, தேங்க்ஸ்கிவிங் நாள். சிகாகோவுக்கு மேற்கே எங்கள் வீட்டில் நான்கு குடும்பங்கள் கூடியிருந்தோம். ஆண்கள் டிவி முன்னால், பெண்கள் அடுக்களையில். நான் கையில் ஜல்லிக் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்று சிகாகோ பேர்ஸ் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெட்ராய்ட்டில் லயன்ஸ் அணியோடு ஆட்டம்.

அமெரிக்கன் ஃபுட்பாலை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேலை செய்ய அனுமதி இல்லாத எச்-4 விசாவில் வீட்டுக்குள்ளேயே இருந்த வருடங்களில் நானாகக் கற்றுக்கொண்டது. ஞாயிறு மதியம் இவர் தூங்குவார், நான் பார்ப்பேன். முதலில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மட்டும்தான் கண்ணில் பட்டான். பிறகுதான் அவனுக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேரைக் கவனித்தேன். அஃபென்சிவ் லைன் என்பார்கள். எதிரணிக்காரர்கள் வந்து அவன்மேல் விழாமல் மறிப்பது அவர்கள் வேலை. ஒழுங்காக மறித்தால் யாரும் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை. ஒருமுறை தவறினால் உடனே வர்ணனையில் பெயர் வரும். வீட்டு வேலை செய்கிற எவளுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வருடம்தான் கேலப் வில்லியம்ஸ் பேர்ஸ் அணிக்கு வந்திருந்தான். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆள். அவன் அம்மா நக அலங்காரத் தொழில் செய்தவர். அவனும் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வான். 2023இல் கல்லூரி அணி தோற்ற ஒருநாள், பார்வையாளர் பக்கம் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். கேலி செய்ய இந்த இரண்டும் போதுமாக இருந்தன.

நான்கு வெற்றி, இரண்டு தோல்வி என்று நன்றாகத் தொடங்கிய அணி பிறகு சரிந்தது. நவம்பரின் முதல் இரண்டு ஆட்டங்களில் ஒரு டச் டவுன்கூட இல்லை. நவம்பர் 10 அன்று சொந்த மைதானத்தில் நியூ இங்கிலாந்திடம் 19-3 என்று தோற்றார்கள். அந்த ஒரே ஆட்டத்தில் வில்லியம்ஸைப் பந்தோடு 9 முறை தரையில் தள்ளினார்கள். இரண்டு நாளில், தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் ஷேன் வால்ட்ரன் நீக்கப்பட்டார். தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸ் நீடித்தார். "பையன் பந்தை ரொம்ப நேரம் கையில வச்சிருக்கான்" என்றார்கள் எங்கள் வீட்டில். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் காயங்களால் லைனில் ஆள் மாறிக்கொண்டே இருந்ததை யாரும் பேசவில்லை.

தேங்க்ஸ்கிவிங் அன்று பாதி ஆட்டம் முடியும்போது பேர்ஸ் 0, லயன்ஸ் 16. இவருடைய நண்பர் ஒருவர் சொன்னார்: "நெயில் பாலிஷ் போடுறவன் கையில பந்தைக் குடுத்தா இப்படித்தான்." எல்லோரும் சிரித்தார்கள்.

என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்தான். காலையில் அக்காவிடம் கெஞ்சி, பேர்ஸ் அணியின் ஆரஞ்சு நிறத்தைச் சுண்டுவிரல் நகத்தில் பூசிக்கொண்டிருந்தான். மெல்ல இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நான் பார்த்தேன். சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது. வந்தவர்கள் விருந்தாளிகள், எண்ணெயில் வடை இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

இரண்டாம் பாதியில் வில்லியம்ஸ் மூன்று டச் டவுன்களுக்குப் பந்து எறிந்தான். 20-23. கடைசி அரை நிமிடத்தில் அவனைத் தரையில் தள்ளினார்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பேர்ஸ் கையில் ஒரு டைம் அவுட் மிச்சம் இருந்தது. அதைக் கேட்டிருந்தால் கடிகாரம் நின்றிருக்கும், ஆட்டத்தைச் சமன் செய்ய முயன்றிருக்கலாம். பயிற்சியாளர் கேட்கவில்லை. எழுந்து வந்து, வரிசை கட்டி, பந்தை எறிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"டைம் அவுட் கேளுய்யா!" என்று நான் கத்தினது அடுக்களை வரை கேட்டது.

"அக்கா, உங்களுக்கு இந்த கேம் தெரியுமா?" என்றார் அதே நண்பர்.

"தெரியும்" என்றேன். "இந்த டீமுக்கு 1983இல் இருந்து முதலாளி வர்ஜீனியா மெக்காஸ்கி. இப்போ 101 வயசு. பயிற்சியாளர் குழுவில ஜெனிஃபர் கிங்னு ஒரு பெண் இருக்காங்க. போன வாரங்கள்ல அந்தப் பையன் கீழ விழுந்தது நகத்தால இல்ல, முன்னால மறிக்கிறதுக்கு சரியான ஆள் இல்லாததால. இன்னைக்குத் தோத்ததும் அவனால இல்ல."

யாரும் பேசவில்லை. இவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

மறுநாள் எபர்ஃப்ளூஸை நீக்கினார்கள். 1920இல் தொடங்கிய அணி, பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது அதுவே முதல்முறை. அந்தப் பருவம் 5 வெற்றி, 12 தோல்வியோடு முடிந்தது. வில்லியம்ஸ் விழுந்தது மொத்தம் 68 முறை. அடுத்த வருடம் பென் ஜான்சன் பயிற்சியாளராக வந்தார். லைனின் நடுப்பகுதிக்கு மூன்று புது ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவன் விழுந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. அதே பையன்தான், அதே கைதான்.

இதை இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் விருந்து நாளன்று எல்லோரும் கிளம்பிய பிறகு, குளியலறையில் என் மகன் பஞ்சால் சுண்டுவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "நான் பேசினதைக் கேட்டியாடா?" என்றேன்.

"கேட்டேன்மா" என்றான். "ஆனா மாமா சொன்னப்பவே நீங்க அங்கதான் நின்னீங்க."