ஆறு பாகைச் சாய்வு

1924இற் கட்டப்பட்ட பழைய கல்லடி இரும்புப் பாலம் சரிந்து நிற்பதாக அப்பா முதன்முதலிற் சொன்னபோது நாங்கள் சிரித்துவிட்டோம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, தேறி அவர் வீடு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பாலம் இரண்டாகத் தெரிகின்றதென்றும், ஒன்று மற்றதன்மேற் சாய்ந்து கிடக்கின்றதென்றும் சொன்னார். தோணியிலிருந்து இறங்குகையிற் கால் வைக்கும் இடம் பிழைத்தது. வீச்சு வலையைத் தொடுவதை விட்டார். தலையை இடப்புறம் சரித்தபடியே நடக்கத் தொடங்கினார். குடித்திருப்பதாக அயலிற் பேச்சு எழுந்தது. கள்ளைத் தொட்டறியாத மனிதர் அவர்.

முதலிற் காட்டிய இடத்தில், ஒவ்வொரு கண்ணாலும் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்தார். குறையில்லையென்று அனுப்பிவிட்டார்கள். ஒரு கண்ணை மூடியதும் இரட்டைக் காட்சி மறைந்துவிடும். கண்களைத் தனித்தனியே சோதிப்போருக்கு இக்குறை அகப்படாது.

பின்னர் சென்ற கண் சிகிச்சைப் பிரிவில் இளம் வைத்தியர் ஒருவர், "ஐயா, தலையை ஏன் சரித்து வைத்திருக்கிறீங்கள்?" என்று கேட்டார். வீட்டில் நாங்கள்கூடக் கேட்டிராத கேள்வி அது.

விழியானது மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைவதோடு, சில்லு அச்சிற் சுழல்வதுபோலத் தன் பார்வையச்சிலும் சற்றுச் சுழலும். அதனை உட்புறமாகச் சுழற்றும் மேற்சரிவுத் தசைக்குச் செல்வது நான்காம் மூளைநரம்பு. பன்னிரண்டிலும் மெல்லியது அதுவே. மூளைத்தண்டின் பின்புறத்தே தோன்றி நெடுந்தூரம் வளைந்து வருவதால் தலையடியில் எளிதிற் சேதமுறும்.

சுழற்சியை அளந்த கருவியின் எளிமை எனக்கு வியப்பளித்தது. மடொக்ஸ் கோல் எனப்படும், நெருக்கமான வரிகள் கொண்ட இரு கண்ணாடி வில்லைகள். வலக்கண்ணுக்குச் சிவப்பு, இடக்கண்ணுக்கு வெள்ளை. அவற்றைத் தாங்கும் சட்டத்திற் பாகைகள் குறிக்கப்பட்டிருந்தன. எதிரேயிருந்த சிறு விளக்கு அவற்றினூடே புள்ளியாகவன்றிக் கோடாகத் தெரியும். அப்பாவுக்கு வெள்ளைக் கோடு கிடையாகவும் சிவப்புக் கோடு சரிந்தும் தெரிந்தன. "இரண்டும் சமாந்தரமாகும்வரை நீங்களே திருப்புங்கோ, ஐயா." வலை பொத்திப் பழகிய விரல்கள் சிவப்பு வில்லையை மெல்லத் திருப்பின. நின்ற இடம் ஆறு பாகை.

அச்சாய்வை வைத்தியர் காணவில்லை, காணவும் இயலாது. அப்பாவின் சொல்லையே அவர் எண்ணாக எழுதிக்கொண்டார்.

அடுத்து விழித்திரையைப் புகைப்படம் எடுத்தார்கள். பார்வை நரம்பு புகும் வட்டத்தின் மையத்தைவிடக் கூர்நோக்குக் குழி இயல்பாகவே சற்றுத் தாழ்ந்திருக்கும். இரண்டையும் இணைக்கும் கோடு கிடைக்கோட்டுடன் ஏறத்தாழ ஏழு பாகைக் கோணம் அமைக்கும். விழி வெளிப்புறம் சுழன்றால் குழி மேலும் தாழும். அப்பாவின் வலக்கண்ணில் அது வட்டத்தின் கீழ் விளிம்பையும் கடந்து தாழ்ந்திருந்தது. அப்படத்தைக் கண்ட பின்னரே நான் முழுமையாக நம்பினேன். சான்றுகளை எடைபோடக் கலைப் பீடத்திற் கற்கும் நான், பெற்ற தகப்பனின் வாய்ச்சொல்லைச் சான்றாகக் கொள்ளவில்லை.

படமும் தனித்து முழுமையன்று என்றார் வைத்தியர். பிறவியிலேயே இந்நரம்பு குன்றியோரின் படம் சுழற்சியைக் காட்டும். அவர்களிற் பலரோ சாய்வெதனையும் உணரார். மூளை பழகிவிடுகின்றது. ஆகவே கேட்கவும் வேண்டும்.

பலருக்குச் சில மாதங்களில் தானே தேறும், சத்திரசிகிச்சைக்கு அவசரமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது மாலைதோறும் வாவிக்கரையில் அப்பாவுடன் நிற்கின்றேன். பாலம் எப்படி என்று நானே கேட்கின்றேன்.

"நேற்றையிலும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கு, மகள்" என்றார் நேற்று முன்தினம். நேற்று, அப்படியே இருக்கிறதென்றார்.