டேலி முன்னறையில், ஆள் உள்ளறையில்

கோவை காந்திபுரத்தில் மாடியில் இயங்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகம். முன்னறையில் டேலி இருக்கும் விண்டோஸ் 11 ப்ரோ கணினி, உள்ளறையில் உபுண்டு போட்ட கணினி, ஆடிட்டர் மேசையில் ஒரு மேக்புக். மூன்றுக்கும் ஒரே ரவுட்டர். ரிட்டர்ன் போடும் நெரிசலில், உள்ளறையிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக டேலியைத் திறக்க முடியவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளறைத் தம்பி ரெமினா என்ற ரிமோட் டெஸ்க்டாப் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவிக்கொண்டிருந்தார். முன்னறையில் இருந்த அக்கா விண்டோஸ் ஃபயர்வாலை அணைக்கத் தயாராக இருந்தார். இரண்டையும் நிறுத்தச் சொன்னேன்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானுங்க சார் வந்துட்டு இருந்துச்சு. இப்ப பிங் போட்டாக்கூட பதில் இல்லீங்க" என்றார் தம்பி.

பிங்குக்குப் பதில் வராததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாகவே பிங்கைக் கண்டுகொள்ளாது. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் மௌனம்தான். பார்க்க வேண்டியது ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற போர்ட்டை. உபுண்டு டெர்மினலில் 'என்சி' கட்டளை கொடுத்து அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தோம். 'மறுக்கப்பட்டது' என்று உடனே பதில் வந்தால், கணினி இருக்கிறது, ரிமோட் டெஸ்க்டாப் சேவைதான் ஓடவில்லை என்று பொருள். பதிலே வராமல் நேரம் கடந்துபோனால், முகவரி தவறு அல்லது நடுவில் ஃபயர்வால் மறிக்கிறது. எங்களுக்குப் பதிலே வரவில்லை.

முன்னறைக் கணினியின் முகவரியைப் பார்த்தோம்: 192.168.1.24. ரெமினாவில் சேமித்து வைத்திருந்தது 192.168.1.17. இரவு மின்சாரம் போய் வந்ததில் ரவுட்டர் புது முகவரி கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். ரவுட்டரின் பக்கத்துக்குப் போய், அந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும்படி பதிவு செய்தோம். கணினி தானாகத் தூங்கப் போகும் அமைப்பையும் நிறுத்தினோம். இப்போது 3389 பதில் சொன்னது. அது விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருந்திருந்தால் இங்கேயே நின்றிருப்போம். ஹோமிலிருந்து பிற கணினிகளுக்குப் போகலாம். ஆனால் ஹோமுக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் யாரும் வர முடியாது.

அடுத்தது பாஸ்வேர்ட். தம்பி நான்கு இலக்கப் பின்னை அடித்தார், ஏற்கவில்லை. பின் என்பது அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும். தொலைவிலிருந்து வருபவர் கணக்கின் முழுப் பாஸ்வேர்டைத்தான் தர வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கென்றால் விண்டோஸ் உள்ளே விடாது. அட்மின் அல்லாதவர் என்றால் அவர் பெயரை ரிமோட் டெஸ்க்டாப் பயனர் பட்டியலில் சேர்த்திருக்கவும் வேண்டும். இதையெல்லாம் சரி செய்ததும், 'சான்றிதழ் மாறியிருக்கிறது' என்று ரெமினா எச்சரித்தது. விண்டோஸ் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் இந்தச் சான்றிதழின் ஆயுள் ஆறு மாதம். ஒரே அலுவலகத்துக்குள், நமக்குத் தெரிந்த கணினி என்பதால் அதன் கைரேகை எண்ணை ஒப்பிட்டுவிட்டு ஏற்றுக்கொண்டோம். வெளியிடத்து இணைப்பில் இந்த எச்சரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடக் கூடாது.

உள்ளறையில் டேலி திறந்தது. அதே நொடியில் முன்னறையிலிருந்து குரல்: "ஏனுங்க, எனக்கு லாக் ஆயிருச்சுங்க!" விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். ஒருவர் உள்ளே வந்தால் மற்றவரின் திரை பூட்டிக்கொள்ளும். இது கோளாறு அல்ல, அந்தப் பதிப்பின் உரிம விதி. பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும் அதற்கான உரிமங்களும் வாங்க வேண்டும்.

ஆடிட்டருக்கு வேறு சிக்கல். மேக்கில் உள்ள 'விண்டோஸ் ஆப்' மூலம் உபுண்டுவுக்குள் போனால் பாஸ்வேர்டை ஏற்கிறது, பிறகு திரை கறுத்துவிடுகிறது. உபுண்டுவில் எக்ஸ்ஆர்டிபி என்ற ரிமோட் டெஸ்க்டாப் சேவையை நிறுவியிருந்தார்கள். உள்ளறையில் அதே பயனர் ஏற்கெனவே திரையில் இருந்தார். ஒரே பயனர் இரண்டு இடங்களில் டெஸ்க்டாப் திறந்தால் உபுண்டுவின் திரைச்சூழலான க்னோம் தடுமாறும். தம்பி லாக்-அவுட் செய்ததும் மேக்கில் திரை வந்தது. உபுண்டுவுக்கென்றே ஒரு ரிமோட் டெஸ்க்டாப் வசதி 22.04 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. அதுவும் இயல்பாக 3389-ஐத்தான் கேட்கும். இரண்டையும் ஒன்றாக ஓடவிடாமல் ஏதாவது ஒன்றை நிறுத்துவதே நல்லது. மேக்குக்குள் போவதென்றால் பாதையே வேறு. மேக்கின் திரைப் பகிர்வு விஎன்சி வகை, அதன் போர்ட் 5900. விண்டோஸில் அதற்குத் தனியாக ஒரு விஎன்சி வியூவர் வேண்டும்.

பிறகு தமிழ். உள்ளறையிலிருந்து விண்டோஸ் வேர்டில் கடிதம் அடித்தால் ஆங்கில எழுத்துகளே விழுந்தன. ரிமோட் டெஸ்க்டாப் பெரும்பாலும் எழுத்தை அனுப்புவதில்லை. எந்த விசை அழுந்தியது என்ற தகவலைத்தான் அனுப்புகிறது. உபுண்டுவில் தமிழ் 99 வைத்திருப்பதால் பயனில்லை. விண்டோஸில் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்து, உபுண்டுவை ஆங்கிலத்திலேயே விட்டோம். 'வணக்கம்' சரியாக வந்தது.

கிளம்பும் முன் ரவுட்டரை இன்னொரு முறை பார்த்தபோதுதான் பெரிய விஷயம் தெரிந்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியாக, யாரோ 3389-ஐ இணையத்துக்கே திறந்துவிட்டிருந்தார்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், பாதுகாப்புப் பதிவில் 4625 என்ற எண்ணைத் தேடச் சொன்னேன். அது தோற்றுப்போன நுழைவு முயற்சிகளின் எண். 'அட்மினிஸ்ட்ரேட்டர்', 'டெஸ்ட்', 'யூசர்' என்று அலுவலகத்தில் யாருக்கும் இல்லாத பெயர்களில் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. ஆடிட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். 2019-இல் வெளிவந்த ப்ளூகீப் ஓட்டை, பாஸ்வேர்டே இல்லாமல் இதே வழியாகப் பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைய விட்டது. ஆதரவை நிறுத்தியிருந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. அந்தத் திறப்பை அடைத்துவிட்டு, வீட்டிலிருந்து வருபவர்களுக்கு வயர்கார்ட் விபிஎன் போட்டுக் கொடுத்தோம். போர்ட் எண்ணை மட்டும் மாற்றி வைப்பது பாதுகாப்பு ஆகாது; தேடுபவர்கள் எல்லா எண்ணையும் தட்டுவார்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்யவில்லையென்றால் முகவரி, போர்ட், பாஸ்வேர்ட், திரை என்ற வரிசையில் பாருங்கள்; ஒன்று சரியென்று தெரியாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். செயலியை மறுபடி நிறுவுவதாலோ ஃபயர்வாலை அணைப்பதாலோ அந்த அலுவலகத்தின் ஒரு கோளாறுகூடத் தீர்ந்திருக்காது. உங்கள் ரவுட்டரில் 3389 வெளியே திறந்திருந்தால், மற்ற எதையும் விட முதலில் அதை இன்றைக்கே மூடுங்கள்.