எதுல செய்வாகளாம்?

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் பொருளைச் சொல்லித்தான் காட்டுவார்கள். தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிப் பளிங்கு, அறைகளில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்பு. எது எந்தத் துறைமுகம் வழியாக வந்தது என்பதைக்கூட மூன்றாம் தலைமுறை ஒப்பிக்கும். ஆனால் ஒரு பெண்ணின் முகத்துக்குள் ஆயுளுக்கும் இருக்கப்போகிற பொருளைப் பற்றி அவளிடமே பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2022இல் என் அயித்தையின் விஷயத்தில் அதைப் பார்த்தேன்.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சையும் வந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களையும் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்களையும் அது அதிகமாகத் தாக்கியது. பூஞ்சை ரத்தக் குழாய்களை அடைக்கும். ரத்தம் போகாத எலும்பு செத்துப்போகும். செத்ததை வெட்டி எடுத்தால்தான் உயிர் தங்கும். அயித்தைக்கு மேல்தாடையின் இடப்பாதி போயிற்று. பற்களும் அண்ணமும் அதோடு போயின. குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது. பேசினால் பாதிச் சொல் மூக்கிலேயே நின்றது. அந்த ஓட்டையை மூட, பல்செட் போலக் கழற்றி மாட்டும் அக்ரிலிக் தட்டு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதிலும் ஒரு நன்மை உண்டு: தட்டைக் கழற்றினால், பூஞ்சை திரும்பியிருக்கிறதா என்று மருத்துவர் உள்ளே பார்த்துவிடலாம்.

ஓராண்டு கழித்து, நோய் திரும்பவில்லை என்று உறுதியானதும், நிரந்தரமான ஏற்பாடு பற்றிப் பேச்சு எழுந்தது. மருத்துவமனையில் அவர் மகனைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். அயித்தை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "அம்பத்தெட்டு வயசுல அழகு எதுக்கு?" என்றார்கள். சோறு மூக்கில் ஏறாமல் இருப்பதை அவர்கள் அழகு என்ற கணக்கில் எழுதினார்கள். ஆணுக்குத் தாடை போனால் அது ஊனம். பெண்ணுக்குப் போனால் அது முகம்.

பொருள் என்ற தமிழ்ச் சொல்லுக்குப் பணம், பண்டம், அர்த்தம் என்று பல பொருள் உண்டு. அன்று மகன் பணத்தைக் கேட்டார். மருத்துவர் பண்டத்தைச் சொன்னார். அந்தப் பண்டத்துக்குத் தன் வாழ்க்கையில் என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டியவர் பெஞ்சில் இருந்தார்.

அன்று இரவு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏத்தா, எதுல செய்வாகளாம்?"

அடுத்த முறை நானும் கூடப் போனேன். இந்த முறை அயித்தையே உள்ளே போனார். அவர் பலகாரம் சுட்டு விற்பவர். கேள்விகளெல்லாம் அடுப்பங்கரையிலிருந்தே வந்தன.

கணுக்காலுக்கு மேலுள்ள மெல்லிய எலும்பை எடுத்துத் தாடையாக வைக்கலாம் என்றார் மருத்துவர். சொந்த எலும்பு, ரத்த ஓட்டத்தோடு ஒட்டும், நம்பகமானது. "நின்னு வேலை பாக்குறவ நான். சக்கரைக் காலு வேற. அதுல ஏன் இன்னொரு புண்ணு?" என்றார் அயித்தை.

பீக் என்ற பிளாஸ்டிக் வகை இருக்கிறது. எலும்பைப் போலவே சற்று வளைந்து கொடுக்கும், சூட்டைக் கடத்தாது, ஸ்கேன் படத்தைக் கெடுக்காது. ஆனால் எலும்போடு தானாகப் பிணையாது. அதன்மேல் பல் கட்டுவது கடினம்.

டைட்டானியம் எலும்போடு பிணையும். 1965இல் ஸ்வீடனில் பிரோனேமார்க் ஒரு நோயாளியின் தாடையில் அதைப் பதித்துப் பல் கட்டியதிலிருந்து உலகம் அதை நம்புகிறது. "வாயில எந்நேரமும் உப்புப் படுமே, துருப்பிடிக்காதா?" என்பது அயித்தையின் கேள்வி. உலோகம் ஏன் அரிக்கிறது என்பதை ஆராய, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கும் ஊரில் கேட்கத் தகுந்த கேள்விதான் அது. டைட்டானியத்தின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று தானே உருவாகும். கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும். உடம்பின் உப்பை அது தாங்குகிறது.

"அடுப்புக்கிட்ட நின்னா சுடுமா?" என்று அடுத்துக் கேட்டார். தோல் மெலிந்த இடத்தில் சிலர் சூட்டையும் குளிரையும் கூடுதலாக உணர்வதுண்டு, சதை மூடிய இடத்தில் அவ்வளவாகத் தெரியாது என்று பதில் வந்தது. அவர் டைட்டானியத்தையே கேட்டார். காரணம் பல்தான்: "கடிச்சுப் பாக்காம தேன்குழலுக்குப் பதம் எப்படிச் சொல்ல?" சீட்டு எடுத்த பணத்தில் பெரும்பங்கை அவரே கட்டினார்.

செய்யும் முறை எனக்குப் புதிதாக இருந்தது. சிடி ஸ்கேனில் அவருடைய வலப்பக்க எலும்பை எடுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடமாகத் திருப்பி, அந்த வடிவத்தை உலோகத் தூளிலிருந்து லேசரால் அடுக்கடுக்காக உருக்கி எடுக்கிறார்கள். பொது அளவு என்று ஒன்று கிடையாது. அவர் முகத்துக்கு அவர் முகமே மாதிரி.

சென்னை ஐஐடியின் உலோகவியல் துறையும், பல் அறுவை மருத்துவர்கள் தொடங்கிய சோரியாக்ஸ் நிறுவனமும் கருப்புப் பூஞ்சையில் முகம் இழந்தவர்களுக்காக இதே முறையில் டைட்டானியத் தாடைகள் செய்கின்றன என்று 2023 தொடக்கத்தில் செய்தி வந்தது. ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் அந்தத் திட்டத்துக்கு 'ரைட் டூ ஃபேஸ்' என்று பெயர். முகத்துக்கான உரிமை. பெயர் வைத்தவர்கள் சரியாக வைத்திருக்கிறார்கள். முகம் உரிமை என்றால், அது எதனால் ஆனது என்று கேட்பதும் உரிமை.

என் மாணவிகளில் சிலர் தாடையையும் கன்னத்தையும் திருத்திக்கொள்வது பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். போ என்றோ போகாதே என்றோ நான் சொல்வதில்லை. சிலிக்கோன் எலும்போடு ஒட்டாது, எளிதாக எடுத்துவிடலாம், ஆனால் நகரலாம், அடியிலுள்ள எலும்பைத் தேய்க்கலாம். நுண்துளைப் பாலிஎத்திலீனுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும், அசையாது, ஆனால் கிருமி தொற்றி எடுக்க வேண்டிவந்தால் சதையோடு பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, மருத்துவரிடம் கேட்க வேண்டியதையும் சொல்கிறேன். எதில் செய்வீர்கள்? அதற்குப் பதில் வேறு என்ன உண்டு? கெட்டுப்போனால் எப்படி எடுப்பீர்கள்? என் வேலைக்கு அது ஒத்துவருமா?

அயித்தையின் இடக்கன்னம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. சிரித்தால் ஒரு பக்கம் தாமதமாக எழும். எந்த உலோகமும் வெட்டிய நரம்பைத் திருப்பித் தராது என்பதையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லி, நடுநடுவே நிறுத்தி, முக்கால் மணி நேரம் கழித்தே பேனாவை வாங்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.