கணக்கில் வராத குற்றம்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வில்லன் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆயுத வியாபாரத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. தரகன் தயாராக இருக்கிறான். வாசகர்களும் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். ஆனால் தான்சானியாவுக்கு ராடார் விற்ற விவகாரத்தைப் படித்த பிறகு, தரகன் மீது மட்டும் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். பிரிட்டனின் பி.ஏ.இ. கம்பெனி, ராணுவத்துக்கும் பயன்படும் ஒரு ராடாரை 2 கோடியே 80 லட்சம் பவுனுக்குத் தான்சானியாவுக்கு விற்றது. தான்சானியாவோ பரம ஏழை நாடு. கடன் கொடுத்தவர்களே மனமிரங்கி, 2001-இல் அதன் பாக்கியில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். அதே வருஷம் அங்கே ஆரம்பப் பள்ளிக் கட்டணத்தையும் நீக்கினார்கள். அதே வருஷம் டிசம்பரில் லண்டன் சர்க்கார் ராடாருக்கு ஏற்றுமதி லைசென்ஸ் கொடுத்தது.

விஷயம் தெரியாமல் கொடுத்துவிட்டார்களா? இல்லை. விலை அதிகம் என்று உலக வங்கி சொல்லிற்று. மந்திரி கிளேர் ஷார்ட் அம்மையார், மந்திரி சபைக்குள்ளேயே எதிர்த்தார். வாங்குகிற நாட்டின் பொருளாதாரம் தாங்குமா என்று பார்க்க வேண்டுமென்ற விதியும் 2000-லேயே எழுதப்பட்டிருந்தது. விதி இருந்தது, கையெழுத்தும் விழுந்தது.

ராடார் செய்யும் வைட் தீவுத் தொழிலாளிகளின் பிழைப்பைக் காரணம் காட்டினார்கள். அவன் வீட்டு அடுப்பை நான் அலட்சியமாகப் பேசமாட்டேன். ஆனால் அவனுக்குச் சோறு போட வேறு வழி தேட வேண்டியது, உலகத்தின் பணக்கார சர்க்கார்களில் ஒன்று. அந்தச் செலவைத் தான்சானியாக் குழந்தையின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? “நாம் விற்காவிட்டால் இன்னொருவன் விற்பான்” என்பது இன்னொரு சமாதானம். கள்ளச் சாராயம் விற்கிறவனும் அதையேதான் சொல்கிறான். பாவம், அவன் கடையில் தேசியக் கொடி பறப்பதில்லை!

விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தரகருக்குப் போயிருந்தது. 2010-இல் வழக்கு லண்டன் கோர்ட்டுக்கு வந்தது. என்ன குற்றம்? லஞ்சமா? இல்லை. ஏழையிடம் வேண்டாததை விற்றதா? அதுவும் இல்லை. கணக்குப் புத்தகத்தைச் சரியாக எழுதி வைக்கவில்லையாம்! கம்பெனி ஒப்புக்கொண்டது. 5 லட்சம் பவுன் அபராதம். தான்சானியாவுக்கு 2 கோடியே 95 லட்சம் பவுன் கொடுப்பதாக ஏற்பாடு.

2012-இல் அந்தப் பணம் பள்ளிப் புத்தகங்களுக்கும் மேஜைகளுக்கும் என்று போய்ச் சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் 2001-இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை அதற்குள் ஆரம்பப் பள்ளியையே தாண்டிப் போயிருக்கும். அந்தக் குழந்தைக்கு யார் பதில் சொல்வது?

கம்பெனி குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று. லைசென்ஸில் கையெழுத்திட்ட சர்க்கார் ஏறவில்லை; ஏற்றச் சட்டமும் இல்லை. தரகன் இருட்டில் வேலை செய்கிறவன். என்றாவது ஒரு நாள் பிடிபடலாம். பட்டப்பகலில், முத்திரை குத்தி, நகல் எடுத்து வைத்துக்கொண்டு செய்யப்படும் காரியத்தை எந்தப் போலீஸ் பிடிக்கும்? ஓட்டுப் போட்டவர்கள்தான் கேட்க வேண்டும். வருத்தம் என்னவென்றால், அங்கே ஓட்டுப் போட்டவன் ராடாருக்கு விலை கொடுக்கவில்லை. விலை கொடுத்தவனுக்கோ அங்கே ஓட்டு இல்லை.