பன்னிரண்டு அடி இடம்

“இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்” என்றொரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. இடமில்லாதவனுக்கு இரக்கப்பட்டு ஒதுங்க இடம் கொடுத்தால், அவன் நாளடைவில் மடத்தையே தனதாக்கிக் கொள்வான் என்று எச்சரிக்கும் மொழி அது. ஆனால் நாட்டு நடப்பைச் சற்றே உற்று நோக்கினால், பல வேளைகளில் இப்பழமொழி தலைகீழாக நடப்பதைக் காணலாம். மடத்தை உடையவரே, இடமில்லாதவனுக்கு விட்ட சிறு இடத்தையும் பிடுங்கிக் கொள்கிறார். ரயில் நிலையங்களிலும், மருத்துவமனைகளிலும், பெரிய கடைகளிலும் தரையில் நீல வண்ணம் பூசி, சக்கர நாற்காலிச் சின்னம் வரைந்து, மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளுக்கென ஒதுக்கியிருக்கிறார்களே, அந்த இடத்தைத்தான் சொல்கிறேன்.

“வண்டி நிறுத்தும் இடமெல்லாம் ஒரு பெரிய செய்தியா? ஆண்டு மலருக்கு எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா?” என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு தகவல். இன்று உலகமெங்கும் காணப்படும் அந்தச் சக்கர நாற்காலிச் சின்னத்தை முதலில் வரைந்தவர் நம்மைப் போன்ற ஒரு மாணவிதான். டென்மார்க் நாட்டைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்பவர் 1968-ல், வடிவமைப்புப் பயிலும் மாணவியாக இருந்தபோது அதை வரைந்தார். நாற்காலி மட்டும் இருந்த அவ்வரைபடத்தின் மேல் பின்னர் ஒரு தலை சேர்க்கப்பட்டது; 1969-ல் அது பன்னாட்டுச் சின்னமாக ஏற்கப்பட்டது. ஒரு மாணவி வரைந்த சின்னத்தைப் பற்றி மாணவர்களாகிய நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

முதலில் அந்த இடத்தின் அளவைப் பார்ப்போம். ஒரு காரை நிறுத்த எட்டடி அகலம் போதும். ஆனால் தடையற்ற கட்டடங்களுக்கென மத்திய அரசு 2016-ல் வெளியிட்ட நெறிமுறைகள், மாற்றுத்திறனாளிகளின் கார் நிறுத்துமிடம் 3600 மில்லிமீட்டர் அகலம், அதாவது ஏறத்தாழ 12 அடி இருக்க வேண்டும் என்கின்றன. கட்டடத்தின் வாயிலிலிருந்து அது 30 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்றும் கூறுகின்றன. கூடுதலாக நான்கடி எதற்கு? சக்கர நாற்காலியில் செல்பவர் காரின் கதவை முழுவதும் திறந்தாக வேண்டும். நாற்காலியைக் கதவோரம் கொண்டுவந்து, கார் இருக்கையிலிருந்து அதற்கு மாறி அமர வேண்டும். பின்பு அதைத் திருப்பிக்கொண்டு செல்ல வேண்டும். அந்த நான்கடி இல்லையென்றால் கார் நின்றும் பயனில்லை. உள்ளிருப்பவர் இறங்க முடியாது. “கார் நிற்க இடம் விட்டுத்தானே நிறுத்தியிருக்கிறேன்” என்று சொல்லி, அந்த நான்கடியில் இரண்டு மோட்டார் சைக்கிள்களைச் செருகிவிட்டுப் போகிறவர்கள் இதை அறியார். கதவு திறக்க விட்ட அளவு அது. அதைச் சலுகை என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

இதையெல்லாம் நான் நூலகத்தில் மட்டும் கற்கவில்லை. என் சிற்றப்பாவோடு வெளியே சென்று வந்ததில் கற்றேன். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியவர் அவர். ஊரில் தையற்கடை வைத்திருக்கிறார். இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்தான் அவருக்குக் கால். அந்த ஸ்கூட்டரை மற்ற வண்டிகளைப் போல் சாய்த்து நிறுத்த முடியாது; இரு வண்டிகளுக்கு நடுவே நுழைக்கவும் முடியாது. அதில் பின்னோக்கி ஓட்டும் கியரும் கிடையாது. முன்னால் ஒருவர் வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டால், யாரேனும் வந்து பின்னால் இழுத்துவிடும் வரை அவர் அங்கேயே காத்திருக்க வேண்டியதுதான்.

சென்ற ஆண்டு கடன் தவணை தொடர்பாக ஒரு வங்கிக்கு அவர் செல்ல, நானும் உடன் சென்றேன். சாய்தளத்தின் அடியில் சின்னம் வரைந்த இடம் ஒன்றுதான். அதில் ஒரு கார் நின்றது. “அண்ணே, அஞ்சே நிமிஷம், இப்ப வந்துடுவாரு” என்றார் காவலாளி. வெயிலில் நாற்பது நிமிடம் நின்றோம். அதற்குள் அன்றைய பணநேரம் முடிந்துவிட்டது. மறுநாளும் கடையை மூடிவிட்டுத்தான் அவர் வர வேண்டியிருந்தது. கார்க்காரர் வந்தபோது கோபப்படவில்லை, உண்மையிலேயே வியப்படைந்தார். “காலியாத்தானே கிடந்தது? நீங்க வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார். சிற்றப்பா அமைதியாகச் சொன்னார்: “யார் எப்ப வருவாங்கன்னு தெரியாதுன்னுதானே சார் கோடு போட்டு வச்சிருக்காங்க.”

இந்த ஒரு வாக்கியத்தில் முழுச் செய்தியும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. திரையரங்குகளில் சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பித் தொங்கவிட்டிருப்பார்கள். ஆண்டு முழுவதும் அவை சும்மாதான் தொங்குகின்றன. அதற்காக அவற்றை எடுத்துத் துணி துவைக்கப் பயன்படுத்துவோமா? தீப்பிடிக்கும் நேரத்தில் வாளி அதன் இடத்தில் இருக்க வேண்டும்; அதற்காகத்தான் மற்ற நேரங்களிலும் அங்கேயே இருக்கிறது. ஒதுக்கிய இடமும் அப்படித்தான். காலியாக இருக்கும்போதும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து போனால், எவரும் தீங்கு செய்ததாகத் தோன்றாது. ஆனால் நாள் முழுவதும் அந்த இடம் யாருக்கும் கிடைக்காது.

இத்தகைய இடங்களுக்கு அனுமதி அட்டை வழங்குவதில் பிரிட்டனுக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உண்டு. ஆல்ஃப் மாரிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த சட்டம் 1970-ல் நிறைவேறியது. அவருடைய தந்தையார் முதல் உலகப் போரில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்தவர். அச்சட்டத்தின்படி 1971-ல் ஆரஞ்சு வண்ண அட்டை வந்தது. 2000-ல் அது நீல அட்டையாயிற்று. அதன் அடிப்படை விதி எளியது: அட்டை மனிதருக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. அவர் யாருடைய காரிலும் செல்லலாம். ஓட்டலாம், உடன் அமர்ந்தும் செல்லலாம். ஆனால் அவர் அந்தப் பயணத்தில் இல்லாதபோது, பெற்ற மகனே ஆனாலும் அந்த அட்டையைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 1000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

இருந்தும் முறைகேடுகள் நடந்தன. பாட்டியின் அட்டையைப் பேரன் எடுத்துச் சென்றான். அட்டைகள் திருடு போயின. போலி அட்டைகள் புழங்கின. ஆகவே 2012-ல் எளிதில் போலி செய்ய முடியாத புதிய அட்டை வந்தது. காவலர் துணையின்றியே அட்டையைச் சோதித்துக் கைப்பற்றும் அதிகாரத்தை உள்ளாட்சி அலுவலர்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது.

அமெரிக்காவில் நடந்ததோ கல்லூரி மாணவர்களாகிய நாம் கட்டாயம் அறிய வேண்டியது. லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் மீது 1999-ல் வழக்குத் தொடரப்பட்டது. இல்லாத நோயை இருப்பதாக எழுதி, மருத்துவரின் கையொப்பத்தையும் போலியாக இட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான அனுமதி அட்டை பெற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. மைதானத்தில் குதிரை போல் ஓடும் இளைஞர்கள், வகுப்பறைக்குப் பக்கத்தில் காரை நிறுத்துவதற்காக நடக்க இயலாதவர் ஆனார்கள்! நீதிமன்றம் அவர்களுக்கு அபராதமும் சமூக சேவையும் விதித்தது.

அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள்? இடப் பஞ்சம் ஒரு காரணம். அட்டை தரும் ஆதாயம் மற்றொன்று. கலிபோர்னியாவில் அந்த அட்டை உள்ளவர் தெருவோரக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. இலவசம் என்றாலே அங்கே கை நீளும். மிச்சிகன் மாநிலம் 1995-ல் இதற்கு ஒரு வழி கண்டது. இடம் அனைத்து மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. ஆனால் கட்டண விலக்கு, கட்டண இயந்திரத்தை இயக்க முடியாத உடல்நிலை உள்ளவர்க்கு மட்டுமே என்று பிரித்தது. இயலாமைக்கு இடத்தையும், கூடுதல் இயலாமைக்குக் கட்டண விலக்கையும் அளித்தபோது, ஏமாற்றுவதில் கிடைக்கும் இலாபம் குறைந்தது. காவலரைக் கூட்டுவதற்கு முன் தூண்டுதலைக் குறைப்பது நல்ல நிர்வாகம் என்பது இதிலுள்ள பாடம்.

இவ்வளவு படித்ததும் நம்மில் சிலருக்கு வீரம் பொங்கும். “இனி அந்த இடத்தில் நன்றாக நடந்து வருகிறவர் யார் இறங்கினாலும் விடமாட்டேன்” என்று தோன்றும். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஏழு வகை இயலாமைகளைக் குறிப்பிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. இரத்த உறையாமை நோய், நடுக்குவாதம், மனநோய் எனப் பார்த்தவுடன் புலப்படாத பலவும் அவற்றுள் அடங்கும். நான்கடி நன்றாக நடக்கும் ஒருவர் நாற்பதாவது அடியில் விழக்கூடும். இங்கிலாந்தும் 2019 ஆகஸ்டில் கண்ணுக்குத் தெரியாத இயலாமை உடையோர்க்கும் நீல அட்டையை விரிவாக்கியது.

சிற்றப்பா ஒருமுறை சொன்னார்: “என் காலைப் பார்த்ததும் எல்லாரும் நம்பிடறாங்கடா. அந்த வகையில நான் கொடுத்து வச்சவன். உள்ளுக்குள்ள நோய் இருக்கிறவன் பாடுதான் கஷ்டம். அவன் ஒவ்வொருத்தர்கிட்டயும் தன் நோயைச் சொல்லிக்கிட்டே நடக்கணும்.” ஆகவே சோதிக்க வேண்டியது அட்டையை, உடலை அன்று. சோதிக்க வேண்டியவர் பொறுப்பிலுள்ள அலுவலர். தெருவில் போகிறவர் அல்லர். பிரிட்டனின் நீல அட்டையில் உரியவரின் படம் பின்பக்கத்தில் இருக்கிறது. காரின் முன்கண்ணாடியில் வைக்கும்போது அட்டையின் எண்ணும் காலக்கெடுவும்தான் வெளியே தெரியும். அலுவலர் கேட்டால் மட்டும் திருப்பிக் காட்டினால் போதும். முறைகேட்டையும் தடுக்க வேண்டும், மானத்தையும் காக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் செய்த ஏற்பாடு அது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்குரிய சலுகையை மோசடியாகப் பெறுவோர்க்கும் பெற முயல்வோர்க்கும் இரண்டாண்டுச் சிறை வரையிலோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரையிலோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு. தனித்துவ அடையாள அட்டையும் வழங்கப்படுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். போலிச் சான்று பெற்றவனைச் சட்டம் பிடிக்கட்டும். ஆனால் “அஞ்சே நிமிஷம்” என்கிறவர் குற்றவாளியாகத் தம்மை ஒருபோதும் நினைப்பதில்லை. அவர் நம் அண்ணன், நம் மாமா, நம் பக்கத்து வீட்டுக்காரர். அவரை மாற்ற வேண்டியது நாம்தான்.

எனவே பேராசிரியப் பெருமக்கள் முன்னும் நண்பர்கள் முன்னும் சில எளிய கருத்துகளை வைக்கிறேன். நம் கல்லூரி நிர்வாகக் கட்டடத்தின் சாய்தளத்தருகே காருக்கு ஒன்றும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு இரண்டும் என இடங்களை அளந்து கோடிட வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து முடிக்கலாம். தரையில் மட்டும் வரைந்தால் வண்டி ஏறியதும் சின்னம் மறைந்துவிடும். ஆதலால் நின்று பார்க்கும் உயரத்தில் ஒரு பலகையும் வேண்டும். அந்த இடத்துக்கு இன்னார் பொறுப்பு என்று ஓர் அலுவலர் பெயரைக் குறிக்க வேண்டும். அட்டையைக் கேட்கும் உரிமை அவருக்கே இருக்க வேண்டும். ஆண்டு விழா, விளையாட்டு விழா நாட்களில் சிறப்பு விருந்தினரின் காரானாலும் அங்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். விழா நாளன்று காப்பாற்றப்படாத விதி மற்ற நாட்களில் தானே தளர்ந்துவிடும்.

இவற்றுக்கு ஆகும் செலவு இரண்டு டப்பா வண்ணமும் ஒரு பலகையும்தான். அந்தப் பன்னிரண்டு அடி பெரும்பாலான நாட்களில் காலியாகவே இருக்கக்கூடும். “வீணாகக் கிடக்கிறதே” என்று யாரேனும் சொன்னால், ‘இல்லை, அது ஒருவருக்காகக் காத்திருக்கிறது’ என்று சொல்ல நம்மில் ஒவ்வொருவரும் முன்வருவோமாக. அடுத்த ஆண்டு இக்கல்லூரியில் சேர வரும் ஒரு மாணவனோ மாணவியோ எவர் துணையுமின்றித் தானே வண்டியை நிறுத்தி, தானே இறங்கி, தானே வகுப்புக்குச் செல்வதற்கு அந்த இடம் போதும்.