ஜாப்ளினின் காகிதச் சுருள்கள்

நேற்றிரவு ஸ்காட் ஜாப்ளினுடைய பியானோச் சுருள் ஒன்றின் ஒலியைக் கேட்டது முதல் மனம் வேறெதிலும் லயிக்கவில்லை, நண்பர்களே.

1899-இல் வெளிவந்த 'மேப்பிள் லீஃப் ராக்' மூலம் கீர்த்தி பெற்ற அந்தக் கறுப்பின இசைமேதை, 1917-இல் மறையும் வரையில் இசைத்தட்டு எதிலும் வாசித்ததில்லை. 1916-இல் அவர் வாசிக்க, துளைகளாகப் பதிவான சில காகிதச் சுருள்களே நமக்கு மிச்சம்.

சுருளைத் தானியங்கிப் பியானோவில் பொருத்தி மிதிகட்டையை அழுத்த அழுத்தத் துருத்திகள் காற்றை உறிஞ்சுகின்றன. காகிதத்தின் துளை உலோகப் பட்டையின் துளைக்கு நேரே வரும் க்ஷணத்தில் காற்று உட்புக, அதற்குரிய கட்டை தானே தாழ்கிறது.

பின்னாளில் ஜாஸ் மேதையான டியூக் எலிங்டன் இளமையில், பியானோக் கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' சுருளை மெதுவாக ஓடவிட்டு, தாழும் கட்டைகளின்மீது தம் விரல்களை வைத்தே அதைப் பயின்றார் என்பதை நினைக்கையில், இத்தகைய சுருள்களைத் தேடிச் சேகரித்து, கிழிசல்களை ஒட்டிக் காப்பவர்கள்மீது எனக்கு உண்டாகும் பக்தி சாமான்யமானதன்று.

ஆயினும் சாதாரணச் சுருளில் ஸ்வரமும் காலமும் பதியுமே ஒழிய, விரலின் அழுத்தம் பதியாது. தவிர, பதிவைத் திருத்தியவர்கள் புதுத் துளைகளை இட்டதும் உண்டு.

ஜாப்ளினின் சுருள்களில் ஒலிக்கும் ஸ்வரங்களுள் எவை அவருடையவை, எவை திருத்தியவருடையவை என்று செவியால் பிரித்தறிய வல்லவர் உங்களில் எவரேனும் உண்டா?