பேச ஒரு சங்கதி வேண்டும்

மாலத்தீவுப் பிள்ளைகளின் பள்ளிப் பையில் இரண்டு விதமான நோட்டுகள் இருக்கும். ஒன்றை நாம் பிரிப்பது போலப் பிரிக்க வேண்டும். இன்னொன்றை நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ அங்கிருந்து பிரிக்க வேண்டும். திவேஹி மொழியை அவர்கள் தானா எழுத்தில் வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். அடுத்த மணி அடித்ததும் ஆங்கில நோட்டு வெளியே வரும், திசை மாறிவிடும். எண்கள் மட்டும் இரண்டிலும் ஒரே பக்கம் பார்த்து ஓடும். சின்ன வகுப்புப் பிள்ளை பென்சிலை வலது ஓரத்தில் ஊன்றி, ஒரு கணம் யோசித்து, பிறகு கையை இடது கோடிக்கு நகர்த்தி எழுதத் தொடங்குவதைத் தினமும் பார்க்கிறேன். அந்த ஒரு கணத்தை நான் அவசரப்படுத்துவதே இல்லை. என் தொழிலில் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் முதல் விதி அது.

எனக்கு ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் இருக்கிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்து, விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் எடுத்து, பிறகு பி.எட். முடித்தவன். மாலத்தீவின் வட பகுதியில், ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய ஒரு தீவில் இப்போது பாடம் நடத்துகிறேன். அந்த நாட்டில் ஏறத்தாழ 1,200 தீவுகள். அவற்றில் ஜனங்கள் குடியிருப்பவை இருநூற்றுக்கும் குறைவு. 1960களில் தலைநகர் மாலேயில் ஆங்கில வழிக் கல்வி வந்தது, பிறகு மற்றத் தீவுகளுக்கும் பரவியது. அத்தனை தீவுகளுக்கும் ஆசிரியர் வேண்டுமே! தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பல ஆண்டுகளாக ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு முன்னால் இந்தத் தீவில் வேலை செய்த நம்மவர்களின் பெயரை, இன்று பிள்ளை குட்டி பெற்றுவிட்ட பழைய மாணவர்கள் மரியாதையோடு சொல்கிறார்கள்.

நாள் விடியற்காலைத் தொழுகை அழைப்போடு தொடங்கும். ஏழு மணிக்குப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். வெள்ளியும் சனியும் விடுமுறை. குடிக்க மழைநீர். அரிசி, வெங்காயம், தக்காளி எல்லாம் படகில் வர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் படகு வரத் தாமதமானால் தேங்காய்த் துருவலும் சூரை மீனும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த மஸ்ஹுனியும் ரொட்டியும்தான் இரண்டு வேளைக்கும். அது எனக்குப் பிடித்துப்போய் வெகுநாளாகிறது. சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம், இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னிய ஜோலி இருக்கைகளில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். நானும் போய் உட்காருவேன். வகுப்புக்கு வேண்டிய சரக்கில் பாதி எனக்கு அங்கேதான் கிடைக்கிறது.

என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் வாயே திறக்க மாட்டான். எழுதச் சொன்னால் எழுதுவான். எழுந்து நிற்கச் சொன்னால் மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பாடப்புத்தகத்தில் அந்த வாரம் கேக் செய்யும் முறை வந்திருந்தது. முதலில் இது, அடுத்து அது என்று படிப்படியாகச் சொல்லக் கற்றுத்தரும் பாடம். அவன் அப்பா சூரை மீன் பிடிக்கிறவர் என்று ஜோலியில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். கேக்கை ஓரமாக வைத்துவிட்டு, "எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது, நீ சொல்லிக்கொடு" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். கேள்வி கேட்ட வாத்தியார் சும்மா இருப்பது லேசான காரியம் இல்லை. வகுப்பு நெளியும், பின் வரிசையில் சிரிப்பு கேட்கும், நாக்கு நுனிவரை பதில் வந்து நிற்கும். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

அவன் சொன்னான். ஃபர்ஸ்ட், விடியுமுன் வலை போட்டுச் சின்ன மீன் பிடிக்க வேண்டும். அதைப் படகின் அடியில் தண்ணீர் ஓடும் தொட்டியில் உயிரோடு வைக்க வேண்டும். தென், பறவைகள் வட்டமிடும் இடத்தைத் தேடிப் போக வேண்டும். ஆஃப்டர் தட், உயிர் மீனைக் கடலில் வீசி, மேலே தண்ணீரைத் தெளிக்க வேண்டும். சூரைக்கு நிறையச் சின்ன மீன் துள்ளுவது போலத் தெரியும். ஃபைனலி, தூண்டில் கழியை வீசி இழுக்க வேண்டும். தூண்டில் முள்ளில் கொக்கிப் பல் கிடையாது. அதனால் மீன் தானாகக் கழன்று படகுக்குள் விழும். வலை விரித்து அள்ளாமல் ஒவ்வொரு மீனாகப் பிடிக்கும் இந்த முறைக்காகத்தான் மாலத்தீவுச் சூரைக்கு வெளிநாட்டுச் சந்தையில் நல்ல பெயர்.

வினைச்சொற்கள் பாதி தப்பாகத்தான் வந்தன. நான் குறுக்கே போகவில்லை. அவன் முடித்த பிறகு அவன் சொன்னதையே சரியான வடிவத்தில், சந்தேகம் கேட்பவனைப் போல, திருப்பிச் சொன்னேன். "ஆமாம் சார்" என்று சொல்லி, இரண்டாம் முறை அவனே சரியாகச் சொன்னான். சிவப்பு மையால் நோட்டு முழுவதும் கோடு போட்டிருந்தால் இது நடந்திருக்காது. நோட்டுத் திருத்தும்போதும் ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வகைப் பிழையைத்தான் பார்ப்பேன். இந்த வாரம் பெரிய எழுத்து என்றால் பெரிய எழுத்து மட்டும். தானாவிலும் தமிழிலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. ஊர்ப் பெயரை ஏன் வேறு மாதிரி தொடங்க வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்டால், அந்தக் கேள்வியின் நியாயம் எனக்கு உடனே புரிகிறது. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்.

பின்னாளில் ஒரு மொழியைக் கற்றவனுக்கு இந்த ஒரு சொத்து உண்டு. படி எங்கே செங்குத்தாக இருக்கிறது என்று அவன் காலுக்குத் தெரியும். திவேஹியில் 'ஒரு' என்ற பொருள் பெயர்ச்சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். ஒட்டு இல்லாமல் வந்தால் ஏற்கெனவே தெரிந்த பொருள் என்று ஆகிவிடும். ஆகவே 'அ போட்' அவர்களுக்கு எளிது. 'த போட்' என்பதில்தான் தடுமாற்றம், ஏனென்றால் அங்கே புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் அதே இடத்தில்தான் கால் இடறும். விதியைச் சொல்லிப் புரியவைக்க நான் முயல்வதில்லை. கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், முதல்முறை பார்க்கிற படகையும் முன்பே பேசிய படகையும் காட்டிக் காட்டிக் கேட்பேன். காது பழகியபின் விதி தானாக உட்காருகிறது.

இத்தனை பாடத்திலும் எனக்கு மிகப் பிடித்தது எங்கள் ஊர்ப் பாறையை வைத்து நடத்தியதுதான். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மப் பல்லவன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில், பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். பின்சுவரில் மூன்று மாடங்கள். முகப்பின் இரு ஓரத்திலும் ஆளுயர வாயிற்காவலர்கள். அங்கே உள்ள வடமொழிக் கல்வெட்டு, பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்குமான இந்தக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தன் அமைத்தான் என்று சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர். சிறு வயதில் நாங்கள் ஓடி விளையாடிய நிழல் அது. 'வித்அவுட்' என்ற ஒரே சொல்லை நான்கு முறை அடுக்க இதைவிட நல்ல உதாரணம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

போனில் இருந்த படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டேன். பாறையையே பார்க்காத பிள்ளைகள் அவர்கள். அவர்கள் காலடியில் இருப்பதெல்லாம் பவள மணல். வித்அவுட் பிரிக், வித்அவுட் வுட், வித்அவுட் மெட்டல், வித்அவுட் மார்ட்டர் என்று வகுப்பு முழுவதும் சேர்ந்து சொன்னது. அப்போது ஒரு பெண் கை தூக்கினாள். மாலேயில் இருக்கும் ஹுகுரு மிஸ்கித் பள்ளிவாசலும் அப்படித்தான் என்றாள். 1658இல் சுல்தான் இப்ராஹிம் இஸ்கந்தர் கட்டிய பள்ளிவாசல் அது. கடலுக்குள்ளிருந்து பவளக்கல்லை எடுத்து, ஈரத்தில் மெத்தென்று இருக்கும்போதே அறுத்து, காயவைத்து, செதுக்கி, ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் நாக்கைக் கோத்து எழுப்பியது. "வித்அவுட் மார்ட்டர், சார். பட் வித் வுட்!" என்றாள். கூரை மரத்தாலானது என்பதை அவள் நினைவு வைத்திருந்தாள். 'வித்', 'வித்அவுட்' இரண்டையும் எதிரெதிரே நிறுத்த நான் மறுநாளைக்கு வைத்திருந்த பாடத்தை அவளே நடத்தி முடித்துவிட்டாள்.

அதோடு விடவில்லை. உங்கள் ராஜா கல்லை வெளியே எடுத்தார், நாங்கள் கல்லைச் சேர்த்தோம் என்று ஒருவன் சொன்னான். வெட்டி எடுத்த கல் எல்லாம் எங்கே போயிற்று என்று இன்னொருவன் கேட்டான். அந்தப் பாறைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி அது. அன்றைய வீட்டுப்பாடமாக அதையே கொடுத்தேன்: வேர் டிட் த ஸ்டோன் கோ? வந்த பதில்களில் வீடு கட்டினார்கள், ஏரிக்கரைக்குப் போட்டார்கள், இன்னொரு சாமிக்குக் கொடுத்தார்கள் என்று என்னென்னவோ இருந்தன. ஒவ்வொன்றும் இறந்தகாலத்தில், முழு வாக்கியமாக.

பத்தாம் வகுப்பு முடிவில் இவர்கள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுத வேண்டும். அதற்கான பயிற்சித் தாள்களையும் நான் தவறாமல் செய்யவைக்கிறேன். அதில் சமரசம் கிடையாது. ஆனால் தாளில் நன்றாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பேசிப் பழகியவர்கள். சொல்ல ஒரு சங்கதி கையில் இருக்கும் பிள்ளைக்கு மொழி தேவைப்படுகிறது. தேவைப்பட்டால் தேடி எடுத்துக்கொள்கிறது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் தெருப் பிள்ளைகள் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். இங்கே தூண்டில் கிடையாது, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உண்டு. ஏழாவது படிக்கும் ஒரு பெண்ணை, மல்லாட்டை பிடுங்குவது எப்படி என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்தேன். "அண்ணா, தப்பா வந்தா அழிச்சிடுவீங்கதானே?" என்று கேட்டுக்கொண்டே தொடங்கினாள். ஃபர்ஸ்ட், மண் ஈரமாக இருக்க வேண்டும். தென், செடியைக் கொத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். ஆஃப்டர் தட், மண்ணை உதற வேண்டும். ஃபைனலி, நிழலில் உட்கார்ந்து காயை ஆய வேண்டும். அழிக்கச் சொல்லவில்லை, இன்னொருமுறை பதிவு செய்யலாமா என்று கேட்டாள்.

தீவுக்குத் திரும்பி அதை என் எட்டாம் வகுப்புக்குப் போட்டுக் காட்டினேன். வறுத்து உப்புப் போட்ட பொட்டலத்தைத் தவிர வேறு எந்த உருவத்திலும் மல்லாட்டையைப் பார்க்காதவர்கள். மீன் பிடிக்கிறவர் மகன்தான் முதலில் எழுந்தான். மண்ணுக்குள்ளே எப்படிக் காய்க்கும், பூவும் மண்ணுக்குள்ளேயா என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் அவன் கேள்வியை அவன் குரலிலேயே பதிந்து மண்டகப்பட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் வந்தது பதில்: பூ மேலே பூக்கும், அதிலிருந்து ஊசி மாதிரி ஒன்று இறங்கி மண்ணுக்குள் போகும், அங்கே போய்த்தான் காயாகும். கடைசியில் அவளும் ஒன்று கேட்டிருந்தாள். முள்ளில் பல் இல்லையென்றால் மீன் கடலிலேயே கழன்று விழாதா? அதற்குப் பதில் தயார் செய்ய வகுப்பில் ஒரு கூட்டமே இப்போது உட்கார்ந்திருக்கிறது.